போட் போச்சு என்றால் எது போச்சு?

போன ஐப்பசியில் பருத்தித்துறையிலிருந்து அக்கா ரெலிபோன் எடுத்தா. முதல் நாள் இரவு முழுக்க இடி. விடிந்து பார்த்தால் பிள்ளையின் கணினிக்கு உயிரில்லை. கடைக்குக் கொண்டுபோனார்கள். கடைக்காரர் பொத்தானை இரண்டு தரம் அழுத்திப் பார்த்துவிட்டு, "மதர்போட் போச்சு. இதுக்குப் போட் தேடுறதை விட்டிட்டுப் புதுசா ஒண்டு எடுங்கோ" என்றாராம். பிள்ளை உயர்தரம் படிக்கிறாள். தகவல் தொழில்நுட்பமும் அவளுக்கு ஒரு பாடம். "நீ ஒருக்கா வந்து பார், தம்பி. நீயும் போச்செண்டு சொன்னா நான் விட்டிடுறன்" என்றா அக்கா.

கோப்பாயில் 750 பஸ் ஏறும்போது என் பையில் ஒரு பழைய பவர் சப்ளை, ஸ்குரூ ட்ரைவர், வோல்ற்று அளக்கும் மீற்றர், பழைய பல் தூரிகை, ஒரு அழிறப்பர், சட்டைப் பொத்தான் அளவில் ஒரு பற்றரி இருந்தன. போட்டை மாற்ற வேண்டுமா என்ற கேள்விக்கு முக்கால்வாசி விடையை இவற்றைக் கொண்டே கண்டுபிடித்துவிடலாம். மிச்சக் கால்வாசிக்குத்தான் அந்தப் பலகை என்ன செய்கிறது என்ற விளக்கம் வேண்டும்.

பாடப்புத்தகம் அதைத் தாய்ப்பலகை என்கிறது. பலகை என்றதும் ஒற்றைத் துண்டு என்று நினைப்போம். உண்மையில் கண்ணாடி இழைத் துணியையும் செப்புத் தகட்டையும் மாறி மாறி அடுக்கி, பிசின் ஊட்டி அழுத்தியெடுத்த அடுக்கு அது. மலிவான போட்டில் செப்பு 4 அடுக்கு. விலை கூடியதில் 6, 8 என்று போகும். ஓர் அடுக்கின் தடிப்பு 35 மைக்ரோமீற்றர் அளவில், தலைமயிரில் பாதி. வெளியே நாம் காண்கிற கோடுகள் மேலும் கீழும் உள்ளவை மட்டும்தான். நடுவில் கண்ணுக்குத் தெரியாமல் இன்னும் இரண்டு, நான்கு தகடுகள் கிடக்கின்றன.

அடுத்த முறை ஒரு போட் கையில் கிடைத்தால், புரொசெசருக்கும் றாம் செருகும் வாய்க்கும் இடையில் வெளிச்சம் பிடித்துப் பாருங்கள். நேராகப் போகக்கூடிய கோடுகள் சில, வேண்டுமென்றே பாம்பு போல நெளிந்து நெளிந்து போகும். அது அழகுக்குச் செய்ததல்ல. மின்சமிக்ஞை இந்தப் பலகையில் ஒரு நனோசெக்கனுக்கு ஏறத்தாழ 15 சென்ரிமீற்றர் ஓடும்; வெற்றிடத்தில் ஒளி ஓடுவதில் பாதி வேகம். அக்கா வீட்டுக் கணினியில் இருப்பது டிடிஆர்3 வகை றாம். அதன் 1600 வேகத்தில் ஒரு பிற்றுக்குக் கிடைக்கும் நேரம் 0.625 நனோசெக்கன். அந்த நேரத்துக்குள் சமிக்ஞை 9 சென்ரிமீற்றர்தான் போயிருக்கும். புரொசெசரிலிருந்து றாமுக்கு உள்ள தூரமும் கிட்டத்தட்ட அவ்வளவே. அதாவது முதலாவது பிற் போய்ச் சேரும் தறுவாயில் இரண்டாவது புறப்பட்டுவிடும். எட்டுக் கம்பியில் ஒன்றாகப் புறப்பட்ட எட்டுப் பிற்றும் ஒன்றாகச் சேர வேண்டும். அதற்காக, கிட்ட இருக்கிற காலுக்குப் போகும் கோட்டை நெளித்து நீட்டி, எட்ட இருக்கிற காலுக்குப் போகும் கோட்டோடு சமப்படுத்துகிறார்கள். தேர் இழுக்கும்போது இரண்டு வடமும் ஒரே நீளத்தில் பிடிபட வேண்டும் என்பது போல.

மின்சாரத்தின் கதை இன்னும் வியப்பானது. அக்கா வீட்டுக் கணினியின் புரொசெசர் முழு வேலை செய்யும்போது 55 வாற்று எடுக்கும். ஒரு மங்கலான குண்டு விளக்கின் அளவு. ஆனால் அது கேட்பது 1 வோல்ற்றுக்குச் சற்றுக் கூடிய அழுத்தத்தில். கணக்குப் பார்த்தால் ஓட்டம் 50 அம்பியர் வரை வரும். எங்கள் வீடுகள் பலவற்றுக்கு மின்சார சபை தந்திருக்கும் இணைப்பே 30 அம்பியர். ஒரு முழு வீட்டுக்கும் வருவதைவிடக் கூடிய ஓட்டம், முத்திரை அளவு சிப் ஒன்றுக்குள் போகிறது. அதைச் செய்வது புரொசெசரைச் சுற்றி நிற்கும் சிறு சுருள்களும் கப்பாசிற்றர்களும் அவற்றோடு சேர்ந்த திரான்சிஸ்ரர்களும். பவர் சப்ளை தரும் 12 வோல்ற்றை ஒரு செக்கனுக்கு இலட்சக்கணக்கான தடவை வெட்டி வெட்டி, அலையை நிரவி, தளம்பாத 1 வோல்ற்றாக்குகின்றன.

திருத்துவது பற்றி எழுதும்போது எனக்கு எங்கள் பழைய கார்கள், மொறிஸ் மைனர்களும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ்களும் நினைவுக்கு வருகின்றன. 1990இல் யாழ்ப்பாணத்துக்குத் தேசிய மின்சாரம் நின்றது. பெற்றோலும் பற்றரியும் பொருளாதாரத் தடைப் பட்டியலில் இருந்தன. அந்த ஆண்டுகளில் ஒரு சொட்டுப் பெற்றோலால் இயந்திரத்தை எழுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் காரை ஓட்டினார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோச் செய்தி கேட்டோம். ஜாம் போத்தலில் திரி போட்டுப் படித்து எழுதிய சோதனையில் பாஸாகி வந்தவர்கள் இன்று எங்கள் வயதில் இருக்கிறார்கள். "திருத்தலாம்" என்பது அப்போது எங்களுக்குப் பெருமைப்படுகிற சொல் அல்ல, அதைவிட்டால் வேறு வழியே இல்லை. 2022இல் அந்த நிலை திரும்பி வந்தது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. 13 மணித்தியாலம் கறண்ட் இல்லாத நாட்களும் வந்தன. புதுக் கணினி வாங்க வைத்திருந்த காசு பழையதைத் திருத்தத்தான் காணுமாயிற்று.

ஆனால் ஒஸ்ரினையும் மதர்போட்டையும் ஒரே மாதிரி நினைத்தால் பிழைத்துப்போகும். ஒஸ்ரினுக்கு உதிரிப்பாகம் இல்லாவிட்டால் லேத்தில் கடைந்து போடலாம். அரை மில்லிமீற்றர் கூடக்குறைய இருந்தாலும் சத்தம் போட்டுக்கொண்டு ஓடும். மதர்போட்டில் 1 மில்லிமீற்றர் என்பது 7 பிக்கோசெக்கன் வித்தியாசம். கோடு கோடாக எல்லாமே ஒன்றோடொன்று அளந்து வைத்தவை. அதனால் போட்டில் திருத்தக்கூடியது எது, கூடாதது எது என்று பிரித்துப் பார்ப்பதுதான் முதல் வேலை. கடைக்காரர் செய்யாமல் விட்டதும் அதைத்தான். அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஒரு நாளைக்கு வரிசையாக வரும் பெட்டிகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு மணித்தியாலம் செலவழித்தால் அவருக்குக் கட்டாது.

அக்கா வீட்டு விறாந்தையில் பெட்டியைப் படுக்க வைத்துத் திறந்தேன். பிளக்கைச் செருகினாலே, பொத்தானை அழுத்த முன்னமே, 5 வோல்ற்றுக் காத்திருப்பு மின்சாரம் ஊதாக் கம்பி வழியாகப் போட்டுக்கு வர வேண்டும். மீற்றரில் அது பூச்சியம். பொத்தானை நூறு தரம் அழுத்தினாலும் போட்டுக்கு அந்தச் செய்தி கேட்க வழியில்லை. நான் கொண்டுபோன பவர் சப்ளையைப் பூட்டினேன். றாம், ஹார்ட் டிஸ்க் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு, புரொசெசரையும் அதன் விசிறியையும் மட்டும் விட்டேன்.

"றாம் இல்லாம எப்பிடி மாமா வேலை செய்யும்?"

"வேலை செய்யாது பிள்ளை. ஆனா அழும்."

பொத்தானை அழுத்தினேன். விசிறி சுற்றியது. ஒரு மூச்சளவு பொறுத்து, பெட்டிக்குள் இருந்த சிறு ஸ்பீக்கர் நீளமாகப் பீப் என்றது. விட்டு, திரும்பவும் பீப். அந்த ஒலிக்குள் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். புரொசெசருக்கு மின்சாரம் சரியான அழுத்தத்தில் போயிருக்கிறது. கடிகாரத் துடிப்பு கிடைத்திருக்கிறது. போட்டில் ஒட்டியிருக்கும் பயோஸ் சிப்பிலிருந்து முதல் கட்டளைகளைப் புரொசெசர் படித்திருக்கிறது. அவற்றின்படி றாமைத் தேடியிருக்கிறது, காணவில்லை, திரையில் எழுத இன்னும் வழி திறக்காததால் ஒலியால் சொல்கிறது. பசிக்கு அழுகிற குழந்தைக்கு உயிர் இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. இடி எடுத்துக்கொண்டது பவர் சப்ளையைத்தான்.

பவர் சப்ளையை மட்டுமல்ல. போட்டைக் கழற்றி வெயிலில் பிடித்தபோது, இணையக் கேபிள் செருகும் வாய்க்குப் பக்கத்துச் சிறு சிப்பின் முதுகில் கடுகளவு வெடிப்பு. அக்கா வீட்டில் இன்னும் செப்புத் தொலைபேசிக் கம்பிதான். இடியின் மின் அலை அந்தக் கம்பி வழியாக ரவுட்டருக்கும், ரவுட்டரிலிருந்து கேபிள் வழியாகக் கணினிக்கும் வந்திருக்கிறது. அந்த வாய்க்குள் 1500 வோல்ற்று வரை தாங்கும்படி சின்னஞ்சிறு திரான்ஸ்போமர்கள் இருக்கும். மின்னலுக்கு அது எம்மாத்திரம். ஆனாலும் வெடித்த சிப்போடு சேதம் நின்றிருந்தது. இப்படிப்பட்ட போட்டை ஒற்றைக் கை இழந்த ஆளாகத்தான் பார்க்க வேண்டும். தனியாக ஒரு நெற்வேர்க் காட் வாங்கிச் செருகினால் போதும். ஒரு போட்டின் விலையில் சிறு பங்குதான் வரும். ஐப்பசி, கார்த்திகையில் முழக்கம் தொடங்கினால் பிளக்கைக் கழற்றுகிறவர்கள் அந்த இணையக் கேபிளையும் சேர்த்துக் கழற்ற வேண்டும். பலர் அதை மறந்துவிடுகிறார்கள்.

கழற்றிய போட்டைத் துப்புரவாக்காமல் திரும்பப் பூட்ட எனக்கு மனமில்லை. கடல் இரண்டு தெரு தள்ளி. சாம்பல் நிறத் தூசி மெத்தை போலப் படிந்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தால் கரிக்கும். மாரியில் எங்கள் குசினி உப்புப் போத்தல் ஏன் கசிகிறது என்று யோசித்திருக்கிறீர்களா? காற்றின் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டியதும் உப்புப் பளிங்கு காற்றிலிருந்து நீரை இழுத்து, தானே அதில் கரைந்துவிடும். வடமராட்சியின் இரவுகளில் அந்த எல்லை சாதாரணமாகக் கடந்துபோகும். உப்புத் தூசி படிந்த போட்டில் நடப்பதும் இதுவே. கண்ணுக்குத் தெரியாத உப்புநீர்த் துளி இரண்டு கால்களுக்கு நடுவே பாலம் போடுகிறது. காத்திருப்பு மின்சாரம் வேறு இருக்கிறது. பாடசாலையில் பரிசோதனையாகச் செய்த மின்பகுப்பு அங்கே மௌனமாக நடக்கும். செப்பு பச்சையாகப் பூக்கும். ஓடிக்கொண்டிருக்கும் கணினி சூட்டால் தன்னைச் சுற்றிய காற்றை உலர்த்திக்கொள்கிறது. சோதனை முடிந்து அலுமாரிக்குள் மூடி வைத்த கணினிதான் இங்கே கெதியாகச் சாகும். மாரியில் கிழமைக்கு ஒரு தரமாவது போட்டு ஒரு மணித்தியாலம் ஓட விடச் சொல்லிவிட்டு வந்தேன்.

பல் தூரிகையும் ஐசோப்ரொப்பைல் மதுசாரமும் தூசியைக் கொண்டுபோயின. றாமின் பொன்னிறப் பற்களை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்தேன். போட் போச்சு என்று கைவிட்ட எத்தனையோ கணினிகள் இந்த ஒரு தேய்ப்பில் எழும்பியதைக் கண்டிருக்கிறேன். புரொசெசரைக் கழற்றவில்லை. இந்த வகையில் ஊசிக்கால்கள் புரொசெசரில் இல்லை, போட்டின் குழியில்தான், 1155 கால்கள். ஒன்றை விரல் தட்டி வளைத்தாலும் நல்ல போட்டை நானே கொன்றவனாவேன்.

அத்தான் அதற்குள் உள்ளேயிருந்து இன்னொரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். 2004 அளவில் வாங்கியது. அதன் போட்டில் புரொசெசரை ஒட்டி நின்ற கப்பாசிற்றர்களில் நான்கின் தலை பொங்கியிருந்தது. ஒன்றின் உச்சியில் மண்ணிறக் கசிவு. பாடப்புத்தகத்தில் கொள்ளளவி என்று வரும் இந்தச் சிறு உருளைக்குள் அலுமினியத் தாளும் திரவத்தில் ஊறிய கடதாசியும் பாய் போலச் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். அலுமினியத்தின் மேல் நனோமீற்றர் கணக்கான தடிப்பில் ஒட்சைட்டுப் படை. அந்தப் படைதான் மின்னைத் தேக்கி வைக்கிறது. 1999 தொட்டு 2007 அளவு வரை பிழையான திரவத்தோடு கோடிக்கணக்கில் இவை சந்தைக்கு வந்தன. உள்ளே நீர் அலுமினியத்தைத் தின்று ஐதரசன் வாயுவை விட, தலை பொங்கியது. டெல் நிறுவனம் மட்டும் 2005இல் இதற்காக 30 கோடி டொலரை ஒதுக்கியது. உச்சியில் சிலுவை போல வெட்டு இருப்பதைப் பார்க்கலாம். பொங்கினால் வெடிக்காமல் அந்த வழியே கிழிந்து மூச்சு விடுவதற்கு.

நல்ல கப்பாசிற்றருக்கும் ஆயுள் உண்டு. 105 பாகையில் 2000 மணித்தியாலம் என்று அதில் எழுதியிருந்தால், சூடு ஒவ்வொரு 10 பாகை குறையவும் ஆயுள் இரட்டிக்கும். 65 பாகையில் வைத்திருந்தால் 32,000 மணித்தியாலம். விசிறியில் அடைத்த தூசியைத் துடைப்பது எத்தனை ஆண்டைக் கூட்டித் தருகிறது என்று இதிலிருந்து விளங்கும். பொங்கியவற்றைக் கழற்றிப் புதியவை ஒட்டலாம். சில்லறைக் காசுதான். ஆனால் நடுவில் கிடக்கும் செப்புத் தகடு சூட்டையெல்லாம் உறிஞ்சிவிடும். சிறிய சோல்டர் அயனால் ஈயம் இளகவே இளகாது. பழகின கை வேண்டும். அத்தானின் போட்டை நான் தொடவில்லை. அந்தக் காலத்துப் போட்டை எழுப்பி இன்று ஓட்ட ஒன்றும் இல்லை. அதிலிருந்த விசிறியை மட்டும் கேட்டு வாங்கினேன்.

"சரி, நாளைக்கு உண்மையாவே போட் போனா?" என்று அக்கா கேட்டா. கேட்க வேண்டிய கேள்வி.

மற்றப் பாகங்களை மாற்றுவது வேலியில் ஒரு கிடுகை மாற்றுவது போல. ஆண்டுக்கு ஆண்டு கிடுகு மாறும், வேலி அதே வேலி. மதர்போட் கதியால். அதைப் பிடுங்கினால் எல்லைக்கோடே மாறிவிடும். எந்தப் பாகம் எதோடு சேரும் என்பதைத் தீர்மானிப்பது போட்தான். இன்ரெல்லின் குழி 2011இல் 1155, 2013இல் 1150, 2015இல் 1151 என்று மாறிக்கொண்டே வந்தது. ஒன்றின் புரொசெசர் மற்றதில் இருக்காது. றாமில் டிடிஆர்2, டிடிஆர்3 இரண்டுக்கும் 240 கால்கள்தான். ஆனால் நடுவில் உள்ள வெட்டு இடம் மாறியிருக்கும், தெரியாமல் செருகிவிடாதபடி. முன்னது 1.8 வோல்ற்று, பின்னது 1.5. ஆகவே புதுத் தலைமுறைப் போட் வாங்கினால் புரொசெசரும் றாமும் சேர்ந்து வாங்க வேண்டும். பெட்டி, ஹார்ட் டிஸ்க், திரை, சில வேளை பவர் சப்ளை, இவைதான் மிஞ்சும். அதைப் போட் மாற்றுவது என்று சொல்லக்கூடாது. அது வேறு கணினி. மைக்ரோசொவ்ற்றும் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறது. கணினியோடு வந்த விண்டோஸ் உரிமம் போட்டோடு கட்டுப்பட்டது. போட் மாறினால் கணக்கில் ஆள் மாறியாயிற்று.

அதே தலைமுறைப் பாவித்த போட் கிடைத்தால், உள்ள புரொசெசரும் றாமும் நல்லதென்றால், மாற்றுவது நியாயம் என்பதே என் எண்ணம். அதையும் கடையிலேயே பூட்டி, ஓட விட்டுப் பார்த்து எடுக்க வேண்டும். வெளிநாட்டு அலுவலகங்களில் பாவித்துக் கழித்து இங்கே வரும் பெரிய கொம்பனிக் கணினிகளில் இன்னொரு சிக்கல். அவற்றில் பலவற்றின் பவர் சப்ளைச் செருகி, திருகாணித் துளை எல்லாம் தனி அளவு. வெளிப் போட் அந்தப் பெட்டிக்குள் இருக்காது. அதே மாதிரிப் பெட்டி இன்னொன்றைத் தேடி இரண்டை ஒன்றாக்க வேண்டியதுதான்.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14ஆம் திகதி முடிந்தது. 11ஆம் பதிப்பு கேட்கும் பாதுகாப்புச் சிப்பும் புரொசெசரும் பிள்ளையின் போட்டில் இல்லை. அதற்காகவும் போட்டை மாற்றச் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். பிள்ளையின் படிப்புக்கு லினக்ஸ் மின்ற் போதும், இந்தப் போட்டில் அது நன்றாக ஓடும். இருக்கிற காசில் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு ஒரு எஸ்எஸ்டி போட்டால் அவளுக்குத் தெரியும் வித்தியாசம் புதுப் போட்டிலும் தெரியாது.

இதில் நான் பிடிவாதமாக இருப்பதற்குக் கிணறும் ஒரு காரணம். எரிக் வில்லியம்ஸ் என்பவரும் கூட்டாளிகளும் 2002இல் ஒரு கணக்குப் பார்த்தார்கள். 2 கிராம் எடையுள்ள ஒரு 32 மெகாபைற் நினைவகச் சிப்பைச் செய்ய 1.6 கிலோ எரிபொருளும் 72 கிராம் இரசாயனமும் 32 கிலோ தண்ணீரும் செலவாகின்றன. ஒரு நகச் சிப்புக்கு மூன்று வாளி தண்ணீர். ஒரு கணினியும் பழைய குழாய்த் திரையும் செய்ய 1500 கிலோ தண்ணீர் என்றது 2004இல் ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகத்தின் ஆய்வு. வற்றாத ஆறு இல்லாத நிலத்தில் சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கும் மழையைக் குடித்து வளர்ந்தவர்களுக்கு அந்த எண் உறைக்க வேண்டும். எறிந்தாலும் அந்தக் கல்லுக்குள்தான். 2006க்கு முந்திய போட்களின் பற்றாசில் பெரும்பாலும் ஈயம் உண்டு. எங்கள் கல் எதையும் வடிகட்டித் தராது. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்ததை மறக்கவில்லை. 2022இல் உலகம் எறிந்த மின்கழிவு 6.2 கோடி தொன். முறையாகச் சேகரித்து மீட்டது கால்வாசிக்கும் குறைவு.

போட்டைப் பெட்டிக்குள் வைத்துத் திருகினேன். நான்கு மூலையிலும் முறுக்கிவிட்டுக் கடைசியாக நடுவில். பழைய பொத்தான் பற்றரியை மீற்றரில் வைத்தால் 3 வோல்ற்றுக் காட்ட வேண்டிய இடத்தில் 1.4. கணினி நிறுத்தியிருக்கும்போதும் நேரத்தை எண்ணிக்கொண்டிருப்பது இந்தப் பற்றரிதான். ஒரு குவாட்ஸ் பளிங்கு செக்கனுக்கு 32,768 தடவை அதிரும்; பதினைந்து தரம் பாதியாக்கினால் சரியாக ஒன்று வரும். அந்த ஒன்றை எண்ணி எண்ணித்தான் நாளும் ஆண்டும். புதுப் பற்றரியைப் போட்டேன். றாமைச் செருகினோம், இரண்டு பக்கக் கொளுக்கியும் சொடுக்கென்று விழுந்தன.

இந்த முறை ஒரே ஒரு குறும் பீப். திரை வெளித்தது. நேரம் தவறிவிட்டது, சரிப்படுத்து என்று வெள்ளை எழுத்தில் நின்றது. உள்ளே போனால், திகதி 2012 ஜனவரி 1.

பிள்ளை கதிரையை இழுத்துக்கொண்டு கிட்ட வந்தாள். "2012இல நான் நேசறி, மாமா" என்றாள். பிறகு ஆண்டுக் கட்டத்துக்குப் போய், கூட்டல் விசையை ஒவ்வொன்றாக அழுத்தத் தொடங்கினாள்.